பள்ளிக்கூடச் சேதி வீடு வந்து சேர வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆனால் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

நம் குடியிருப்பில் சில வீடுகளுக்கு வேலைக்கு வரும் ஒரு அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய பெண் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தாள். 2023 ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் பி.காம். படித்தவன் இல்லையா, "காமர்ஸ் குரூப்புக்கு அந்தத் தனியார் பள்ளி நன்றாக இருக்கும், சேர்த்து விடும்மா" என்று சொன்னேன். அவரும் கடன் வாங்கிச் சேர்த்தார். பெண் நன்றாகவே தேறினாள். கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், அவளுக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தது.

அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதியே தொடங்கிவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். இவள் கடைசி இரண்டு வருடம் சுயநிதிப் பள்ளியில் படித்ததால் அது கிடைக்கவில்லை. மூன்று வருடப் படிப்புக்குக் கணக்குப் போட்டால் 36,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கும் இதே மாதிரி விதிதான்.

அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் இரண்டு பேப்பர் படிக்கிறேன். ஆனால் என் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டதால் பள்ளிக்கல்விச் செய்திகளைத் தாண்டிப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது.

நம் பகுதியில் இந்தச் சிக்கல் கொஞ்சம் அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஷிப்ட். பெற்றோர் கூட்டம் மதியம் மூன்று மணிக்கு என்றால் ஒருவர் வேலையில் இருப்பார், இன்னொருவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களுக்குத் தமிழில் வரும் சுற்றறிக்கை புரியாது. ஆரம்பாக்கம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் நிறைய. பள்ளியிலிருந்து செய்தி வருகிறது, ஆனால் வீட்டுக்குள் வந்து சேருவதில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. "சென்னைக்கு லீவு" என்று டிவியில் ஓடும். நாம் திருவள்ளூர் மாவட்டம் என்பதை மறந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவோம். எல்லை தாண்டி தடா பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆந்திராவின் அறிவிப்புதான் செல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது விடுமுறை நீண்டு, அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போனது. அந்த நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பழைய செய்தி புதுசு போல வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

வங்கியில் ஒரு காசோலை வந்தால் தேதி, கையெழுத்து, கணக்கு எண் மூன்றையும் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டோம். பள்ளிச் செய்திக்கும் அதையே செய்யுங்கள். எந்தத் தேதி? யார் அறிவித்தது? எந்த மாவட்டத்துக்கு? இந்த மூன்றும் இல்லாத செய்தியைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். சந்தேகம் என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் கேட்கலாம்.

அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நம் மாநிலத்தில் 2022இல் இவற்றைப் புதிதாக அமைத்தார்கள். 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவாகிறது, பாதியில் நின்ற பிள்ளை யார் என்பதையெல்லாம் பெற்றோர் கேட்கக்கூடிய இடம் அது. பக்கத்துப் பள்ளியில் கூட்டம் என்றைக்கு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் போன மாதம் வரை தெரியாது.

"எங்கள் பிள்ளைகள் தனியார் பள்ளி சார், இது எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். உங்களுக்கும் விஷயம் இருக்கிறது. தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க 2009ஆம் வருடச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். இருபத்தைந்து சதவீத இலவச இடங்களுக்கு வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பிப்போம். 2025இல் மத்திய அரசின் நிதி வராத பிரச்சினையால் அது அக்டோபர் வரை இழுத்தது. விசாரித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் நிலவரம் புரிந்தது.

என் துறை பற்றியும் ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தேர்வில் தேறி உதவித்தொகைக்குத் தேர்வான பிள்ளைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் இந்த மாதிரிப் பணம் போகும். இரண்டு வருடம் வரவு செலவு செய்யாமல் விட்ட கணக்கு முடங்கிப்போகும். பாஸ்புக்கை எடுத்து ஒருமுறை வங்கிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். போக முடியாதவர்கள் என்னிடம் கொண்டுவாருங்கள், நான் கூட வருகிறேன்.

கடைசியாக என் யோசனை. கேட் பக்கத்தில் செக்யூரிட்டி அறையை ஒட்டி ஒரு பலகை வைப்போம். பள்ளிக் கூட்டத் தேதி, விண்ணப்பக் கடைசி நாள், உதவித்தொகை ஆகிய மூன்று மட்டும் அதில் இருக்கட்டும். தமிழில் நான் எழுதுகிறேன். இந்தியிலும் தெலுங்கிலும் எழுத நம்மிடையே ஆள் இருக்கிறார்கள். பிளாக்குக்கு ஒருவர் மாதம் ஒருமுறை பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டு வந்தால் போதும். வாட்ஸ்அப் இருக்கும்போது பலகை எதற்கு என்று கேட்காதீர்கள். நம் வீட்டு வேலைக்கு வருபவர்களும் வாட்ச்மேனும் தோட்டக்காரரும் நம் குழுவில் இல்லை. அவர்கள் தினமும் அந்த கேட் வழியாகத்தான் வருகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு இன்னொரு பையன் இருக்கிறான். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. பன்னிரண்டு முடியும் வரை பள்ளியை மாற்ற வேண்டாம், மாற்ற நினைத்தால் முதலில் விசாரித்துவிட்டு மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை விதிமுறையைப் படித்துவிட்டுத்தான் சொன்னேன்.

பலகைக்கு ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பள்ளிக்குப் போய்வர பிளாக்குக்கு ஒருவர் இன்றே பெயர் கொடுங்கள்.