இறக்கத்தில் கியரை விடாதீர்கள்

தோட்டச் சாரதிகளும் ஓட்டோ சாரதிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை



வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் கூடுவோம். இன்று உயிரைப் பற்றிப் பேசுவோம்.

2023 ஜனவரியில் நானுஓயா, ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் கொத்மலை, கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டும் நம் மலைநாட்டுப் பாதைகள்.

டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்டரில் விடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அப்போது முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறி, பிடிக்காமல் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். பனி மூடினால் லைட்டைத் தாழ்த்திப் போட்டு மெதுவாகப் போங்கள்.

ஓட்டோவுக்கு வேக எல்லை மணிக்கு 40 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். காப்புறுதி இல்லாமல் வண்டியை வீதிக்கு எடுக்கவே கூடாது. சம்பள நாளில் குடித்துவிட்டு ஓட்டுபவர் தன் உயிரோடு அடுத்தவர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

அடுத்து, கொழுந்து லொறி. பிரேக் சரியில்லை என்று சாரதி சொன்னால், "இன்னும் ஒரு நடை போய்விட்டு வா, நாளைக்குப் பார்ப்போம்" என்று பதில் வருகிறது. தம்பிமாரே, சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருப்பது துரையின் பெயரல்ல, உங்கள் பெயர். வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். பழுதைத் திகதியோடு எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பிரேக் இல்லாத வண்டியை எடுக்க மறுத்தால் அதை வேலை மறுப்பு என்று யாராவது சொல்லலாம். அதற்குப் பதில் சொல்வது சங்கத்தின் பொறுப்பு.

தாய்மார்களே, கொழுந்து மூட்டைக்கு மேல் ஏறி உட்காராதீர்கள். பாடசாலைக்குப் போகும் ஓட்டோவில் எட்டுப் பிள்ளைகளை அடைப்பதையும் ஏற்காதீர்கள். ஓட்டோக்காரரும் நம் லயத்துப் பிள்ளைதான். இரண்டு நடை போனால் அவருக்குப் பெற்றோல் செலவு கூடும். பெற்றோர் அவரோடு உட்கார்ந்து, கட்டுப்படியாகும் கூலியைப் பேசி முடிவு செய்யுங்கள்.

விபத்து நடந்தால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் நேரும் விபத்துக்கும் நட்டஈடு கேட்க, 2022இல் திருத்தப்பட்ட வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இடம் தருகிறது. தோட்ட ஆபீசுக்கு அறிவித்துவிட்டு உடனே சங்கத்துக்கு வாருங்கள்.

காலையில் பிரட்டுக்குப் போன எல்லோரும் மாலையில் லயத்துக்குத் திரும்பி வர வேண்டும். இன்றைய கோரிக்கை அது ஒன்றுதான்.