யாரும் கேட்காத கேள்வி

சமூகப்பணியில் இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே,

புனே பக்கம் வாகட்டிலிருந்து வந்திருக்கிறேன். ஹிஞ்சவாடி ஐ.டி. பூங்காவுக்கு அடுத்த ஊர். மடிக்கணினிப் பையோடு போகும் நம்மூர்ப் பிள்ளைகளும், அவர்கள் குடியேறப்போகும் அடுக்குமாடிக்கு அடியில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளர்களும் ஒரே பூம்கர் சவுக்கில்தான் சாலை கடக்கிறார்கள். இரண்டு பக்கமும் குடி உண்டு. இரண்டு பக்கமும் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. விழுப்புரம் பக்கத்துக் கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர். அவர் மகளைப் பள்ளியில் சேர்க்க மூன்று மாதம் அந்தக் கொட்டகைக்கு நடந்தேன். ஆதார், ரேஷன் அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் கேட்டேன்; குடியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. "நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன் அக்கா" என்றார் அவர் மனைவி. அந்தச் சொல் இன்னும் என்னோடு இருக்கிறது.

2019இல் எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குடிப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடிப் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும், புனே எரவாடாவில் அனில் அவசட், அனிதா அவசட் தம்பதி 1986இல் தொடங்கிய முக்தாங்கண் போதை மீட்பு மையமும் எத்தனையோ குடும்பங்களை மீட்டிருக்கின்றன. ஆனால் அந்த வாசல்வரை வருகிறவர் பெரும்பாலும் எல்லாம் இழந்த பிறகுதான் வருகிறார். அதற்குப் பத்து வருடம் முன்னால் அவரைப் பார்த்தவர்கள் யார்? நாம்தான். ரேஷன் அட்டைக்காக, குழந்தைக்காக, வேறு எதற்கோ போனவர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' படிவத்தில் குடியைப் பற்றிப் பத்தே கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண். எட்டைத் தொட்டாலே பேச வேண்டிய நேரம். கஞ்சா, புகையிலை, மாத்திரை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'அசிஸ்ட்' என்று இன்னொரு படிவம் உண்டு. இவற்றைப் பாடத்தில் படித்துவிட்டீர்கள். கடினம் படிவத்தில் இல்லை. பதில் வந்த அடுத்த நொடியில் நம் நாக்கில் இருக்கிறது. "பொண்டாட்டி பிள்ளைங்கள நினைச்சுப் பாத்தியா?" என்று வாய் தானாக ஓடும். அவர் அதை ஆயிரம் முறை கேட்டவர். கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும்.

"அண்ணே, நீங்க சொன்னத வச்சு ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அனுமதி கேளுங்கள். மதிப்பெண்ணைக் காட்டி, அது உடம்புக்கும் வேலைக்கும் என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். குறைப்பதா விடுவதா என்பதை அவர் வாயால் அவரே சொல்லட்டும். கோவாவில் சங்கத் அமைப்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்ததும் இந்த வழிதான். மனநலப் பட்டம் இல்லாத சாதாரண ஆலோசகர்கள், அதிகபட்சம் நான்கு அமர்வுகள், ஆய்வில் 377 ஆண்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம். 2017இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு இது. பத்து சதவீத வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். நூறு கொட்டகையில் பத்துக் கொட்டகை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காலையில் கை நடுங்குகிறவரிடம், குடித்தால்தான் நடுக்கம் அடங்கும் என்கிறவரிடம், "நாளையிலிருந்து விட்டுடுங்க" என்று சொல்லக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். அவரை மருத்துவரிடம் கூட்டிப் போவதுதான் உங்கள் வேலை.

விழுப்புரத்துக்காரரிடம் பிறகு கேட்டேன். "இப்ப வேணாம்மா" என்றார். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் முறை போனபோது, கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, வாரம் எவ்வளவு கடையில் போகிறது என்று அவராகவே கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. பட்டம் வாங்க மேடையேறும் முன் பதிந்துகொள்ளுங்கள்.