கலப்பை மாறியது, கலயம் மாறவில்லை

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் ஆற்றிய உரை)

விதை, உரம், பூச்சி மருந்து என்று பேச வருகிற ஆள், இன்றைக்கு உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள் என்று வருஷம் தவறாமல் சொல்கிறவன் நான். அந்த மண்ணில் நிற்கிற காலைப் பற்றியும் ஒரு தடவை சொல்லலாமே என்றுதான் வந்தேன்.

என் வட்டாரத்தில் ஒரு பெரியவர். அறுபது வயசு, நல்ல உழைப்பாளி. நடவு வயலில் காலில் ஏதோ குத்தியிருக்கிறது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. புண்ணுக்குப் பத்து நாள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை நோய் முற்றிப் போயிருந்தது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். "சேத்துல நிக்கிறவனுக்குச் சக்கரை வருமா சார்? அது பட்டணத்துல உக்காந்து திங்கிறவங்க வியாதியில்ல?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நாட்டுக் கலப்பையின் சால் அரை அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரை ஒரு உழவு உழுது முடிக்க, மாட்டுக்குப் பின்னால் 26 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்! நம் தகப்பனார்கள் நடந்தார்கள். அவர்கள் குவித்துச் சாப்பிட்ட சோறு அந்த நடையிலேயே எரிந்து போயிற்று. இன்றைக்கு டிராக்டர் உழுகிறது, இயந்திரம் அறுக்கிறது, மடை பார்க்கப் போவதும் மோட்டார் சைக்கிளில். இயந்திரத்துக்கு நான் விரோதி அல்ல. மானியத்துக்கு மனு எழுதிக் கொடுக்கிறவனே நான்தான். ஆனால் தட்டில் விழுகிற சோறு மட்டும் ஏர் பிடித்த காலத்து அளவிலேயே இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

அரிசியை விட்டுவிடச் சொல்லவில்லை. சோற்றை ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் பயறும் கீரையும் காயும் வையுங்கள். வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் ஊன்றச் சொல்கிறோமே, விளைந்தது எங்கே போகிறது? முழுக்க வியாபாரிக்கு அளந்து விடுகிறோம். வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை அளக்கக் கூடாதா? வேலியோரத்து முருங்கைக் கீரைக்குக் காசு கேட்பார் யார்? கேழ்வரகுக் கூழ் நல்லது. அதற்காக, சர்க்கரை உள்ளவர்கள் மூன்று சொம்பு குடித்துவிடக் கூடாது, அதுவும் மாவுச்சத்துதான்.

அப்புறம் டீ. நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. நாம் டீ குடிப்பதாக நினைக்கிறோம்! உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் போதும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ளதும் இதிலே சேர்த்தி. வெயில் வேலையை முற்பகல் 11 மணிக்குள் முடித்து, பிற்பகல் 3 மணிக்கு மேல் தொடருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். புகையிலை, பீடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

இயந்திரம் வேலை செய்கிற நாளில் வயலுக்கு நடந்தே போங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தால், நடந்த மாதிரியும் ஆச்சு, பயிரைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. பூச்சி விழுந்ததும் முன்னதாகவே கண்ணில் படும்.

வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் குழம்பும் சோறும் மட்டும் சாப்பிடுகிறார்கள். அந்தப் பயறும் கீரையும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முப்பது வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், ரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வருகிறவர்களிடம் "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

அந்தப் பெரியவர் இப்போது செருப்பில்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. இராத்திரி பேத்தி டார்ச் அடிக்க, இரண்டு உள்ளங்காலையும் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். போன மாதம் அலுவலகத்துக்கு வந்து, வரப்பில் ஊன்ற உளுந்து விதை கேட்டார். கொடுத்தனுப்பினேன்.