பனையின் காழ்

(நம் சங்கத்தின் சிறுசேரிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்க மண்டபத்தின் ஓட்டுக்கூரையைப் பிரித்துச் சிமிட்டித்தளம் இடுவதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானமாயிற்று. அதனை மறுத்துரைக்க யாம் வந்திலேம். ஒழுகும் கூரையின்கீழ்ப் பிள்ளைகள் இருந்து படித்தல் அரிது. ஆனால், பிரித்தெடுக்கும் பனங்கைகளைச் செங்கற் சூளைக்கு விறகாகத் தள்ளிவிடலாம் என்று குத்தகைக்காரர் சொல்ல, அவையிலிருந்தோர் பலர் தலையசைத்தனர். தச்சுத்தொழிலை மரபாகவுடைய நம்மவர் அவையில் இது நிகழ்ந்ததே எம்மை இன்று பேசச் செய்தது.

பனையைப்பற்றி முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. தொல்காப்பியர் மரபியலிற் புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். காழாவது வயிரம். தேக்கையோ வேம்பையோ பலாவையோ குறுக்கே அறுத்துப் பார்ப்பின், வயிரம் நடுவே இருக்கும். அதனைச் சுற்றி வெளிறு நிற்கும். பனையிலோ கரிய வயிரம் புறத்தே வளையமிட்டு நிற்க, நடுவிடம் சோறுபோல் நெகிழ்ந்திருக்கும். ஆகவே நாம் பனைமரம் என்று வழங்குவது அவர் கணக்கிற் புல்லே. இக்காலத் தாவர நூலாரும் பனையை ஒருவித்திலைத் தாவரம் என்று நெல், மூங்கில் முதலியவற்றோடு ஒரு பெருவகுப்பிற் சேர்க்கின்றனர். சூத்திரத்தை நெட்டுருச் செய்து களைத்த மாணாக்கனுக்கு ஒரு பனந்துண்டின் வெட்டுவாயைக் காட்டிவிட்டால், உரையாசிரியர் வேண்டா என்பது எம் அநுபவம்.

இவ்வமைப்பை அறிந்தாலன்றிப் பனையை ஆளுதல் இயலாது. கிளையின்மையால் அதன் உடலிற் கணுவின் குறுக்கீடு இல்லை. தும்புகள் அடிமுதல் முடிவரை நேரே ஓடுகின்றன. ஆதலின் நெடுக்கே ஆப்பு வைத்தால் எளிதிற் பிளக்கும். குறுக்கே பாரம் ஏற்றினால் நன்கு தாங்கும். நம் முன்னோர் பிளந்த துண்டுகளின் உட்சோற்றைச் செதுக்கி நீக்கி, வயிரத்தை மட்டும் கையாக வைத்தது இதனாலேயே. அடிப்பாகமே கனமும் கருமையும் மிக்கது. மேலே செல்லச் செல்ல வலி குன்றும். இளம்பனையை வெட்டிக் கூரைக்கு இட்டவர் சில ஆண்டுகளில் அது இற்று உதிரக் காண்பர். அறுபது எண்பது ஆண்டு முற்றியதே தச்சனுக்கு ஆகும்.

குறையையும் மறைத்தல் கூடாது. அதன் தும்பு வாளின் பல்லை மழுக்கும். முன்னரே துளையிடாது ஆணி அடித்தால் மரம் வெடிக்கும். இழைத்தாலும் மழமழப்பு வருதல் அரிது; பனஞ்சிராம்பு ஏறிய விரலின் நோவை இங்குள்ளோர் பலர் அறிவர். அகன்ற பலகை கிடையாமையால் மேசை, பேழை முதலியன செய்வதற்குப் பலாவும் வேம்பும் இருக்கப் பனையை நாடுவாரில்லை.

அதன் இடம் கூரையே. யாழ்ப்பாணத்தார் பனங்கையைச் சலாகை என்பர். ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் அங்கிருந்து பனைமரம் கடல் கடந்து சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியாயிற்று. 1983 முதல் 2009 வரை அந்நாட்டில் நிகழ்ந்த போரிலே எண்ணிறந்த பனைகள் வெட்டப்பெற்றுப் பதுங்குகுழிகளுக்கு மேல்மூடியாயின. குண்டுக்கு அஞ்சிய மக்கள் தம் தலைக்குமேல் நம்பி வைத்தது இம்மரத்தைத்தான். இனி, சோறு நீங்கிய பனை நீருக்கும் உதவும். அகழ்ந்தெடுத்த அடிமரம் நம் நாட்டில் நீரோடும் பத்தலாயிற்று. ஆந்திரநாட்டுக் கொல்லேறு ஏரியில் தோணியாயிற்று.

நிற்க. சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின், கேளம்பாக்கம் சாலையின் இருமருங்கும் மனைகளாயின. பனை நின்ற மணற்காடுகள் பல இன்று மாடிகள். பனை நம் மாநில மரம். அதனை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021 ஆகஸ்டு மாதத்து வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நன்றே. ஆனால் அது நிற்கும் பனையைப் பற்றியது. நம் பாட்டனார் காலத்தே வெட்டிப் பிளந்து கூரையில் ஏற்றிய பனைக்கு எவ்வறிக்கையும் காவலாகாது. முற்றிய பனை அருகிவரும் இக்காலத்தில் அத்தகைய கையை மீண்டும் தேடிப் பெறுதல் எளிதன்று.

சென்ற ஞாயிறன்று ஏணி வைத்து மண்டபக் கூரையை யாம் பார்த்தோம்; நம்மவருள் முதிய தச்சர் ஒருவர் உடன் ஏறி, ஒவ்வொரு கையையும் உளிப்பிடியால் தட்டி ஓசை கேட்டார். மொத்தம் 42 கைகள். அவற்றுள் 9 மட்டுமே, சுவரிற் புதைந்த தலைப்பில் மழைநீர் ஏறி இற்றிருக்கின்றன. அவற்றிலும் இற்ற முழத்தை அறுத்து எறிந்தால் எஞ்சியது குறுங்கையாக உதவும். ஏனைய 33 கைகளும் இரும்புபோல் ஒலிக்கின்றன. மண்டபத்தின் பின்புறம் படிப்பகத்துக்கு ஒரு தாழ்வாரம் வேண்டுமென்று மூன்றாண்டாகப் பேசி வருகின்றோம். இக்கைகள் அதற்குப் போதும்; ஓடுகளும் நம்முடையனவே. ஆப்பு வைக்கும் முறையையும் துளையிடும் முறையையும் நம் பிள்ளைகளுக்குக் கூலியின்றிக் காட்டித் தருவதாக அம்முதியவர் ஒப்பியிருக்கின்றார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. அவர் மக்களோ மருகரோ உளி தொட்டவரல்லர்.

குத்தகைக்காரர் வருகிற திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார். அதற்குள் இவ்வவை தன் முடிவைக் கூறுதல் வேண்டும்.