வங்கியை மூடினார்கள், தையற்கூடத்தைத் திறந்தார்கள்



பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களில் பலர் ஆயத்த ஆடைத் துறைக்குப் போகிறீர்கள் என்றார்கள். அதனால் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச வந்தேன்.

டாக்காவை அடுத்த சாவரில் இருந்த ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 23 அன்று அதில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கி உடனே ஊழியர்களை வெளியேற்றியது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலை ஆட்களை மட்டும் மறுநாள் காலை வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டியதாக உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஒன்பது மணி ஆகும் முன்பே கட்டடம் சரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

விரிசல் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். வங்கிக்கு ஷிப்மென்ட் தேதி கிடையாது.

ஆடிட் நடக்காமலும் இல்லை. ஆடிட்டர்கள் வந்துபோன தொழிற்சாலைகளும் அங்கே இருந்தன. தூண் தாங்குமா என்று பார்ப்பது அவர்கள் வேலையில் சேராது, அவ்வளவுதான். அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை போட்டன. செப்பனிடும் செலவை ஆலை தாங்கும்படி கொள்முதல் பேரம் அமைய வேண்டும் என்பதும் அதில் உண்டு. சோதனை விதிகளைவிட இந்த வரியையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

திருப்பூரிலும் செலவை யார் ஏற்பது என்பதுதான் கணக்கு. பருத்தித் துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். அந்த உப்பு நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று கழிவுநீரைச் சுத்திகரித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். கரண்டும் விறகும் தின்னும் வேலை. அந்தச் செலவைப் பட்டறை ஏற்கிறது. ‘பசுமை’ என்ற சீட்டு மட்டும் கடையில் தொங்குகிறது.

நாளை நீங்கள் மெர்ச்சண்டைசர் நாற்காலியில் இருப்பீர்கள். பையர் பத்து நாள் முன்னதாகச் சரக்கு கேட்பார், விலையிலும் குறைக்கச் சொல்வார். ‘சரி’ என்று மெயில் தட்டுவதற்குமுன் லைனுக்குப் போங்கள். எந்த ஜாப் ஒர்க் யூனிட்டுக்குத் துணி போகும், கைமடிக்கும் பெண்கள் எத்தனை ராத்திரி உட்கார வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கேட்டதை அதே மெயிலில் எழுதுங்கள். ஆர்டர் போய்விடும் என்பார் முதலாளி. சில சமயம் போகவும் செய்யும்.