பனி பகையல்ல, புல்வெளிக்குப் போட்ட பூட்டுதான் பகை



மலேசியத் தமிழர்களுக்குக் குளிர் என்றதும் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். ஒரு கம்பளிச் சட்டை இருந்தால் போதும், இரண்டு நாள் தங்கிவிட்டு ஸ்ட்ராபெரியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். பினாங்குக் கொடிமலைக்கு அதுகூட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் நீலகிரி அப்படியல்ல. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிற உதகமண்டலத்தில் நவம்பர் பிறந்தால் உறைபனி தொடங்கிவிடும். அங்கே எருமை வளர்த்து வாழும் தோடர் குடும்பங்களுக்குக் குளிர் உல்லாசம் அல்ல, வாழ்க்கைக் கணக்கு.

தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர். அவர்களின் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். உறவுக்காரர்களின் சில வீடுகள், கல்சுவர் கட்டிய எருமைப் பட்டி, கன்றுகளுக்குத் தனிக் கொட்டில், சற்றுத் தள்ளிப் புனிதமான பால்மனை. இவ்வளவுதான் ஒரு மந்து. பழைய வீடுகள் பாதியாகப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். வாசல் மூன்றடி உயரம்; தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். காற்றும் குளிரும் நுழையாது, காட்டு விலங்கும் எளிதில் நுழையாது. இன்று பெரும்பாலோர் சாதாரண வீடுகளில்தான் வாழ்கிறார்கள். ஆனாலும் கூரை வேயும் முறை மறக்கப்படவில்லை.

உறைபனி எப்படி வருகிறது? மேகம் இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் வானத்துக்குப் போய்விடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. விடியும்போது புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் புல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்துவிட்டதால், வெயில் ஏறியதும் அது கருகத் தொடங்கும். சில வாரங்களில் பச்சை மேய்ச்சல் நிலம் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும்.

தோடர்களின் எருமை சமவெளி எருமை போன்றதல்ல. வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம், அகன்று வளைந்த கொம்பு, பாதிக் காட்டுக் குணம். வளர்த்தவருக்குத்தான் அடங்கும். காலையில் கன்றை ஊட்டவிட்டுப் பால் கறப்பார்கள். நாளொன்றுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று லிட்டர்தான். ஆனால் அந்தப் பாலில் கொழுப்பு எட்டு விழுக்காடு வரை இருக்கும். பிறகு எருமைகள் தாமாகவே மேயப் போய், மாலையில் தாமாகவே பட்டிக்குத் திரும்பும். ஆண்டில் சில முறை குழி தோண்டி, அதில் உப்புநீர் ஊற்றி எருமைகளுக்குக் கொடுப்பது ஒரு சடங்கு. பால்மனை வேலை ஆண்களுக்கே உரியது. பெண்கள் வெயிலில் அமர்ந்து, வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்வார்கள். அந்தப் பூவேலைக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

டிசம்பர் முடிந்து ஜனவரி பிறக்கும் சமயத்தில், உதகை அருகே முத்தநாடு மந்தில் மொற்பர்த் திருவிழா நடக்கும். பல மந்துகளிலிருந்தும் ஆண்கள் கூம்பு வடிவக் கோயிலின் முன் கூடி வழிபடுவார்கள், ஆடுவார்கள், இளைஞர்கள் கனத்த கல்லைத் தூக்கித் தோள்வலிமை காட்டுவார்கள். கடுங்குளிரில்தான் அவர்களின் பெரிய கொண்டாட்டமே.

அப்படியானால் பனி அவர்களுக்குப் பகையா? இல்லை. நீலகிரியின் உச்சியில் காடு பள்ளங்களில் ஒதுங்கி நிற்க, மேடெல்லாம் புல்லாக இருப்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வெட்டவெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றைப் பனி கொன்றுவிடும். வேரில் உயிர் வைத்திருக்கும் புல் மழைக்குத் தளிர்க்கும். புல்வெளியைக் காத்ததே பனிதான். புல் கருகும் மாதங்களுக்கும் முன்னோர் வழி வைத்திருந்தார்கள். எருமைகளை ஓட்டிக்கொண்டு, ஈரம் அதிகமுள்ள மேற்குக் குந்தா மலைப்பக்கம் போய்விடுவார்கள். கோடைமழை விழுந்ததும் திரும்புவார்கள். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட ஆய்வு நூலிலேயே இந்த இடப்பெயர்ச்சி பதிவாகியிருக்கிறது.

அந்த வழிதான் அடைபட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் தேயிலையும் உருளைக்கிழங்கும் வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை மரமும் வந்தன. சீகை, பனிக்குச் சாகாமல் புல்வெளியை விழுங்கிப் பரவியது. 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் கொழும்புத் திட்டத்தில் கனடாவின் உதவியோடு குந்தா மின்திட்டம் வந்தது. ஊருக்கு வெளிச்சம் கிடைத்தது. மேய்ச்சல் பள்ளத்தாக்குகள் நீருக்குள் போயின. எஞ்சிய மேற்குப் பகுதியின் ஒரு பங்கு 1990-இல் முக்கூர்த்தி தேசியப் பூங்கா ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தது ஒரே கூட்டம். போக இடமில்லாத எருமை, கருகிய புல்லையே சுற்றிச் சுற்றி வருகிறது. பட்டி வைத்திருந்த பல குடும்பங்கள் கேரட்டுக்கும் கூலி வேலைக்கும் மாறிவிட்டன.

இந்தக் கதை பினாங்குக்கு அந்நியமில்லை. தோடர்களைப் பற்றி 1986-இல் நூல் எழுதிய மானிடவியலாளர் அந்தோணி வாக்கர் தொகுத்த இன்னொரு நூலை, 1975-இல் வெளியிட்டது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதைவிட நெருக்கமான உறவு ஒன்றும் உண்டு. ரப்பர் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை வைத்திருந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! பால்மரக் காட்டுப் புல்தான் அந்த மாடுகளுக்குத் தீனி. அந்தப் பால் காசுதான் பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. தோட்டம் துண்டாடப்பட்டபோது, வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, வீட்டுக்கு இழப்பீடு கேட்டார்கள், வேலைக்கு இழப்பீடு கேட்டார்கள். புல்லுக்கு யார் இழப்பீடு கேட்டது? மாடு கைவசம் இருந்தது. அதை மேய விட இடம் இல்லை.

நீலகிரியில் இன்று சில நம்பிக்கைகள் தெரிகின்றன. நீதிமன்ற உத்தரவுகளால் அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எந்தச் சரிவில் எந்தப் புல் வளரும், எந்த மாதம் எங்கே ஓட்ட வேண்டும் என்பதைப் பட்டியில் வளர்ந்த பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் பால்குடம் ஏறுகிற அதே நாட்களில்தான் நீலகிரியில் பனி கொட்டுகிறது. ஒரு குடும்பத்தின் மாட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அதன் புல்லைக் காப்பாற்ற வேண்டும். மலையானாலும் தோட்டமானாலும் கணக்கு ஒன்றுதான்.