கணிதக் கொப்பியும் கணினியும்

(விஜயதசமி மாலை மன்ற மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



நேற்று மாலை சரஸ்வதி பூசைக்காகப் புத்தகங்களையும் கொப்பிகளையும் அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், உயர்தர வகுப்புத் தம்பி ஒருவர் தமது மடிக்கணினியைக் கொண்டுவந்து அவற்றின்மேல் வைத்தார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, இது படம் பாக்கிற சாமான் அல்லோ? இதை ஏன் இஞ்சை வைக்கிறீர்?" என்று கேட்டார். "ஐயா, என்ரை கணிதக் குறிப்பு முழுக்க இதுக்குள்ளைதான் கிடக்குது" என்று தம்பி சொன்னார். பெரியவர் மேலொன்றும் பேசவில்லை. தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கணினியின்மேல் வைத்துவிட்டு அப்பாற் சென்றார்.

இன்று காலையிலோ, இதே மண்டபத்தில் ஏடு தொடக்கல் நடைபெற்றது. குருக்கள் ஐயா ஒவ்வொரு குழந்தையின் விரலையும் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்தார். இவ்விரு காட்சிகளையும் கண்டபின், எனக்குத் தரப்பட்ட விடயத்தைப் பற்றி நான் என்ன சொல்லவேண்டும் என்பது தெளிவாயிற்று. கணித, விஞ்ஞான வகுப்புக்களில் குறிப்பெடுப்பதற்குக் கணினி உதவுமா என்பதே அவ்விடயம். உதவும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் வகுப்பு நடக்கும்போதன்று, வகுப்பு முடிந்த அன்றிரவு.

காரணத்தைக் கூறுகிறேன். சரித்திர பாடத்தையோ சமய பாடத்தையோ விசைப்பலகையில் தட்டிக்கொண்டு போகலாம். தமிழ் வாக்கியம் இடமிருந்து வலமாக ஒரே வரியில் ஓடுகிறது. கணித வாக்கியம் அப்படி ஓடுவதில்லை. மேலேறும், கீழிறங்கும், ஒன்றன் தலைமேல் ஒன்று குந்தியிருக்கும். ஆசிரியர் கரும்பலகையில் ஒன்றை மேலே எழுதிக் கோடு கீறி, அதன்கீழே "எக்ஸ் கூட்டல் 2" என்று எழுதுகிறார். பேனை பிடித்தவனுக்கு அது மூன்று விநாடி வேலை. அவசரத்தில் தட்டுகிற மாணவனோ 1, சாய்கோடு, எக்ஸ், கூட்டல், 2 என்று தட்டி அடைப்புக்குறியை விட்டுவிடுகிறான். எக்ஸின் பெறுமானம் 2 என்று கொள்ளுங்கள். ஆசிரியர் எழுதியதன் விடை கால். இவன் தட்டியதன் விடை இரண்டரை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு அந்தக் குறிப்பைப் பார்க்கிறவனுக்கு எது சரியென்று யார் சொல்வார்?

பௌதிகத்தில் நிலை இன்னும் மோசம். சாய்தளத்தில் ஒரு துணிக்கை, அதன்மேல் நிறை, செவ்வன் மறுதாக்கம், உராய்வு என மூன்று விசைகளைக் குறிக்கக் கைக்கு அரை நிமிடம் போதும். கணினியிலே அதனைக் கீறி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கணக்கைத் தொடங்கியிருப்பார். இரசாயனத்தில் பென்சீன் வளையமும் அப்படித்தான்.

இந்தச் சிரமம் புதிதன்று. தட்டச்சுப் பொறியும் றோணியோவும் இருந்த காலத்தில், வினாத்தாள் தயாரித்த கணித ஆசிரியர்கள் சொற்களை மட்டும் தட்டிவிட்டு, தொகையீட்டுக் குறிக்கும் வர்க்கமூலக் குறிக்கும் இடம் விட்டு, பின்னர் எழுத்தாணியால் ஸ்ரென்சில் தாளிலே கீறினார்கள். அச்சுக்கூடத்தாருக்கும் கணிதம் என்றாலே தலையிடி.

அமெரிக்காவிலே டொனால்ட் குனூத் என்னும் பேராசிரியர் 1977ஆம் ஆண்டில் தமது நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைப் பார்த்து, சமன்பாடுகளின் அழகு கெட்டுப்போயிற்றே என்று மனம் நொந்தார். நொந்ததோடு நில்லாமல், கணிதத்தை அச்சிடுவதற்கென்றே தாமாகவே ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். ஓராண்டில் முடியும் என்று நினைத்த வேலை ஏறக்குறையப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. டெக் என்று பெயரிட்ட அந்நிரலை உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதனைத் திருத்துந்தோறும் பதிப்பு இலக்கத்தில் பையின் தசமதானம் ஒன்று கூடும். தாம் இறந்தபின் அது பை என்றே நின்றுவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கணிதப் பைத்தியம் என்று சிரிக்காதீர்கள். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் இதனை இலகுவாக்கி லாடெக் என்று தந்தார். பல்கலைக்கழகங்களிற் கணித ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் இதிலேதான் எழுதப்படுகின்றன.

இந்த லாடெக்கில் எழுதுவதென்றால் பின்னத்துக்கு முதலில் "பின்னம்" என்று கட்டளையிட வேண்டும். பிறகு தொகுதியை ஓர் அடைப்புக்குள்ளும், பகுதியை இன்னோர் அடைப்புக்குள்ளும் போட வேண்டும். வர்க்கமூலத்தின் கோடு எதுவரை நீளுகிறது, தொகையீட்டின் கீழெல்லை எது, மேலெல்லை எது என்பவற்றையெல்லாம் தனித்தனியே சொல்ல வேண்டும். கையால் எழுதும்போது வர்க்கமூலக் கோட்டை அரைகுறையாக இழுத்துவிட்டுத் தப்பலாம். இங்கே தப்ப முடியாது. விளங்காத வரியை லாடெக்கில் எழுதப் புகுந்தவன் பாதியிலே நின்றுவிடுவான். அந்த நிற்றல் இருக்கிறதே, அதுதான் படிப்பு. மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி அவ்விடத்திற் பிறக்கிறது.

ஆயினும் ஒரு மயக்கம் உண்டு. பிழையான சமன்பாட்டையும் கணினி அழகாகவே அச்சிட்டுத் தரும். அழகாக இருப்பதனால் அதனைச் சரியென்று நம்பிவிடுகிறோம். ஆதலால் செம்மைப்படி எழுதியவர், கைக்குறிப்பை உடனே வீசிவிடலாகாது.

மைக்கேல் பரடே கதையை உங்களிற் பலர் அறிவீர்கள். புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகிய ஏழை இளைஞர் அவர். 1812ஆம் ஆண்டில் இலண்டனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளுக்குப் போனார். அங்கே விரைவாகக் குறித்துக்கொண்டவற்றைப் பின்னர் விரித்து, கருவிகளின் படங்களும் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே டேவியின் உதவியாளரானார். மின்காந்தத் தூண்டல் பற்றிய பாடத்தில் நாம் படிக்கும் பரடே விதி அவருடையதுதான். சபையில் அமர்ந்து எடுத்த குறிப்பு அவசரக் குறிப்பு. டேவியின் கைக்குப் போனதோ இரண்டாம் எழுத்து. நான் உங்களிடம் கேட்பதும் அந்த இரண்டாம் எழுத்தைத்தான்.

கணினியில் குறிப்பெடுப்பவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டுகிறார்கள், கருத்து வினாக்களிற் பின்தங்குகிறார்கள் என்று 2014இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் எழுதினர். 2021இல் வேறு சிலர் அதே சோதனையை மீண்டும் செய்தபோது, சொன்னபடியே தட்டுவது உண்மையென்று கண்டார்கள்; புள்ளிகளில் அத்தகைய வித்தியாசம் காணவில்லை. ஆகவே கணினி மூளையைக் கெடுக்கும் என்று பெரியோர்கள் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சோதித்தது பேச்சுக்களைக் கேட்டுக் குறிப்பெடுப்பதை. பலகை நிறையத் தொகையீடு எழுதும் வகுப்பையன்று.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பலகையைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்களே, அதனை நான் குறிப்பென்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று மணித்தியாலப் பரீட்சையில் எழுதப்போவது உங்கள் கை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுச் சனங்கள் தென்மராட்சிக்கு நடந்தபோது, நான் உயர்தர முதலாம் வருட மாணவன். அம்மா ஒரு பையைத் தந்து, வேண்டியதை எடு என்றார். அரிசியும் உடுப்பும் வைத்தபின் இரண்டு கொப்பிகளுக்கே இடமிருந்தது. தூய கணிதத்தை எடுத்தேன். பிரயோக கணிதத்தையும் பௌதிகத்தையும் மேசையில் விட்டேன். அடுத்த ஆண்டு திரும்பியபோது மேசை நின்றது; கொப்பிகள் கறையான் மண்ணாய்க் கிடந்தன. கணினியிலே போட்டால் இந்தப் பயமில்லை என்று நினையாதீர்கள். என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் கணினி பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் திறக்க மறுத்துவிட்டது. வேறெங்கும் பிரதி இல்லை. அந்தப் பிள்ளை அழுத அழுகையை நான் மறக்கவில்லை. 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதே மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரமும் நின்றது. கொப்பியை மட்டும் நம்பியவரும் இடருற்றார், கணினியை மட்டும் நம்பியவரும் இடருற்றார்.

இன்னுமொன்று. தமிழிலே தட்டுகிறவர்கள் யுனிகோட் எழுத்திலேயே தட்டுங்கள். முன்னர் பாமினி எழுத்துருவில் நான் தட்டிவைத்த பாடக்குறிப்புக்களை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரிகின்றன.

கணினி இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி சிலர் முகங்களிலே தெரிகிறது. வகுப்பிலே அவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை, எல்லோருக்கும் பேனைதான். இரண்டாம் எழுத்துக்காக மன்ற வாசிகசாலையிலுள்ள இரண்டு கணினிகளிலும் லாடெக்கைப் போட்டிருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணி தொடக்கம் எட்டரை வரை நான் அங்கே இருப்பேன். கொப்பியோடு வாருங்கள். எழுதி முடித்த குறிப்பின் பிரதியொன்றை வாசிகசாலையில் விட்டுப் போனால், அடுத்த வருடம் வருகிற தம்பி தங்கைகள் எடுத்துப் பார்ப்பார்கள். நேற்றுப் பூ வைக்கப்பெற்ற கணினியின் சொந்தக்காரர் தமது குறிப்பின் முதற்பிரதியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடைப்புக்குறிகளை மட்டும் இன்னொருமுறை பார்க்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.